டெலீட் அழுத்தும் முன்: படங்களை நிர்வகிக்கும் மென்பொருள்களுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். கேலரியைத் திறப்பார்கள், பழைய படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுப்பார்கள், டெலீட் அழுத்துவார்கள். 'கூகுளில் ஒரு நகல் இருக்கிறதே, போனில் மட்டும்தானே அழிக்கிறோம்' என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை பலிக்குமா என்பது எந்தச் செயலியைத் திறந்து அழித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. படம் ஏற்கெனவே பேக்கப் ஆகியிருந்து, கூகுள் போட்டோஸ் செயலிக்குள் அழித்தால் போனிலும் போகும், கூகுள் கணக்கிலும் போகும். அதே படத்தைப் போனோடு வந்த வேறு கேலரி செயலியில் அழித்தால் போனில் மட்டும் போகும்.

கணினியில் விஷயம் இன்னும் கொஞ்சம் குழப்பம். லைட்ரூம், டிஜிகாம், ஷாட்வெல், ஆப்பிள் போட்டோஸ் என்று ஒவ்வொன்றும் டெலீட்டை ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்கிறது. ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் அதே கீயை அழுத்தினால் நடப்பது வேறாக இருக்கும். குடும்பப் படங்கள் போனால் திரும்ப எடுக்க முடியாதவை. அதனால் இதை ஒருமுறை நிதானமாக உட்கார்ந்து தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே படம், மூன்று இருப்பிடம்

மென்பொருளில் ஒரு படத்தைப் பார்க்கும்போது நீங்கள் பார்ப்பது ஒரே பொருள் அல்ல. முதலாவது, டிஸ்கில் கிடக்கும் கோப்பு. கேமராவோ போனோ எழுதிய அசல் அதுதான். இரண்டாவது, மென்பொருள் தன்னுடைய தரவுத்தளத்தில் அந்தக் கோப்பைப் பற்றி வைத்திருக்கும் பதிவு: கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எத்தனை நட்சத்திரம் கொடுத்தீர்கள், என்ன டேக் போட்டீர்கள், எந்த ஆல்பத்தில் சேர்த்தீர்கள், வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினீர்கள். மூன்றாவது, கிளவுடில் இருக்கும் நகல். இது எல்லோருக்கும் இருக்காது, ஆனால் போன் வைத்திருக்கிற பெரும்பாலோருக்கு இருக்கும்.

ஒரே டெலீட் இந்த மூன்றில் எதைத் தொடும் என்பதுதான் கேள்வி. பதிவை மட்டும் எடுத்துவிட்டால் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். வாக்காளர் பட்டியலில் பெயரை அடித்துவிட்டால் ஆள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடுவதில்லை, அதுபோல. கோப்பை அழித்தால் பதிவும் பயனற்றுப் போகும். கிளவுடோடு இணைந்திருந்தால், ஒரு இடத்தில் அழித்தது மற்ற எல்லாச் சாதனங்களிலும் எதிரொலிக்கும்.

முதல் வேலை: வேண்டாத படங்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள்

எந்தக் கட்டுரையையும், இதையும் சேர்த்துத்தான், நம்பி உங்கள் நிஜப் படங்களில் கை வைக்காதீர்கள். மென்பொருளின் பதிப்பு மாறும்போது மெனு மாறும், அமைப்புகள் மாறும். உங்கள் கணினியில் என்ன நடக்கிறது என்பதை நீங்களே பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. அரை மணி நேர வேலை.

1. டெஸ்க்டாப்பில் 'சோதனை' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். சுவர், செருப்பு, மின்விசிறி என்று எதையாவது பத்துப் படம் எடுத்து அதில் போடுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் ராவும் (கேமரா பதப்படுத்தாமல் எழுதும் கோப்பு) ஜேபெக்கும் சேர்ந்த ஒரு ஜோடியையும், ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒரு லைவ் போட்டோவையும் (படமும் சின்ன வீடியோவும் சேர்ந்தது) சேர்த்துக்கொள்ளுங்கள்.
2. அந்த ஃபோல்டரை மென்பொருளுக்குள் கொண்டுவாருங்கள். லைட்ரூம் போன்றவற்றில் இம்போர்ட் செய்யும்போது 'காப்பி', 'ஆட்' உட்படச் சில வழிகள் இருக்கும். 'ஆட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'காப்பி' கொடுத்தால் கோப்பின் நகல் இன்னொரு ஃபோல்டருக்குப் போய்விடும், சோதனை குழம்பும்.
3. நாலைந்து படங்களுக்கு நட்சத்திரம் கொடுங்கள், டேக் போடுங்கள், ஒரு ஆல்பத்திலும் சேர்த்துவிடுங்கள்.
4. அந்த ஆல்பத்துக்குள் நின்று ஒரு படத்தில் டெலீட் கீயை அழுத்துங்கள். பிறகு 'சோதனை' ஃபோல்டரைத் திறந்து கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.
5. இப்போது எல்லாப் படங்களும் தெரியும் பகுதிக்குப் போய், அங்கே ஒன்றை அழியுங்கள். கேள்வி கேட்டு ஒரு பெட்டி வந்தால் அதில் இருப்பதை முழுக்கப் படியுங்கள். ஃபோல்டரையும் பாருங்கள், கணினியின் ரீசைக்கிள் பின்னையும் பாருங்கள்.
6. அழித்ததைத் திரும்பக் கொண்டுவாருங்கள். படம் வந்தால் மட்டும் போதாது. நட்சத்திரமும் டேக்கும் கூடவே வந்தனவா?
7. கடைசியாக, மென்பொருளுக்கு வெளியே, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் நேரடியாக ஒரு கோப்பை அழித்துவிட்டு மென்பொருளுக்குத் திரும்புங்கள். அது என்ன காட்டுகிறது என்று கவனியுங்கள்.

ஆறாவதை யாரும் செய்வதில்லை. ஆனால் பல வருடங்களாக உட்கார்ந்து டேக் போட்டவர்களுக்கு அதுதான் முக்கியம். படத்தைக் காப்பாற்றிவிட்டு உழைப்பைத் தொலைப்பது அங்கேதான் நடக்கிறது.

லைட்ரூம் கிளாசிக்கில்

அடோபியின் லைட்ரூம் கிளாசிக், படங்களைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. 'கேட்டலாக்' என்ற தரவுத்தளக் கோப்பில் படங்களைப் பற்றிய தகவலையும் நீங்கள் செய்த திருத்தங்களையும் மட்டும் வைத்திருக்கிறது. அதனால்தான் டெலீட் கீயை அழுத்தியதும் கேட்கிறது: டிஸ்கிலிருந்தே அழிக்கவா, லைட்ரூமிலிருந்து மட்டும் நீக்கவா?

'ரிமூவ்' என்றால் கோப்பு பத்திரமாக இருக்கும். ஆனால் அந்தப் படத்துக்கு நீங்கள் செய்த திருத்தங்கள் கேட்டலாக்கிலிருந்து போய்விடும். திருத்தங்களை எக்ஸ்எம்பி என்ற துணைக் கோப்பிலோ படக் கோப்புக்குள்ளோ எழுதிவைக்காமல் நீக்கியிருந்தால், திரும்ப இம்போர்ட் செய்யும்போது படம் எடுத்த அன்று இருந்த கோலத்தில்தான் வரும். 'ரிமூவ் ஆபத்தில்லாதது' என்று பலரும் சொல்வது பாதி உண்மைதான். கோப்புக்கு ஆபத்தில்லை, வேலைக்கு ஆபத்து உண்டு. கேட்டலாக் செட்டிங்ஸில் மாற்றங்களைத் தானாகவே எக்ஸ்எம்பியில் எழுதும் வசதி இருக்கிறது. புதியவர்கள் அதை முதல் நாளே இயக்கி வைப்பது நல்லது என்பது என் கருத்து. ஆல்பத் தொகுப்புகளும் வர்ச்சுவல் காப்பிகளும் (ஒரே கோப்பை வேறு விதமாகத் திருத்திப் பார்க்க வைக்கும் கூடுதல் பதிவுகள்) அதில் அடங்காது என்றாலும், திருத்தங்களும் நட்சத்திரமும் கீவேர்டுகளும் தப்பிக்கும்.

'டெலீட் ஃப்ரம் டிஸ்க்' கொடுத்தால் கோப்பு கணினியின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். அங்கிருந்து மீட்கலாம். மீட்டாலும் அது தானாக கேட்டலாக்குக்குள் வந்துவிடாது, மறுபடியும் இம்போர்ட் செய்ய வேண்டும்.

ஒரு கலெக்‌ஷனுக்குள் (லைட்ரூமில் ஆல்பத்துக்குப் பெயர் இது) நின்றுகொண்டு டெலீட் அழுத்தினால் கேள்வி எதுவும் வராது. அந்தக் கலெக்‌ஷனிலிருந்து மட்டும் படம் விலகும். கோப்பும் கேட்டலாக் பதிவும் அப்படியே இருக்கும். 'அழித்தேனே, மறுபடி எப்படி வந்தது?' என்று புதியவர்கள் திகைப்பது பெரும்பாலும் இதனால்தான். வர்ச்சுவல் காப்பியும் இப்படியே. அது ஒரு பதிவு மட்டும், தனிக் கோப்பு கிடையாது. அதை நீக்கினால் அசலுக்கு ஒன்றும் ஆகாது.

வெளியே, எக்ஸ்ப்ளோரரில் போய் அழித்தால் லைட்ரூமுக்குத் தெரியாது. பழைய தம்ப்நெயிலை அது தொடர்ந்து காட்டும், ஓரத்தில் ஆச்சரியக்குறி ஒன்று தோன்றும். கோப்பு காணவில்லை என்று அர்த்தம். லைப்ரரி மெனுவில் காணாமல்போன படங்களைத் தேடித் தரும் கட்டளை இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எல்லாவற்றையும் நீக்கிவிடாதீர்கள். வெளி ஹார்ட் டிஸ்கைச் செருக மறந்திருந்தாலும் ஃபோல்டரின் பெயரை மாற்றியிருந்தாலும் அதே குறிதான் வரும்.

டிஜிகாமில்

பணம் கட்டாமல் பெரிய படத்தொகுப்பை நிர்வகிக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது டிஜிகாம். கேடிஇ சமூகத்தின் கட்டற்ற மென்பொருள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். அழிப்பதை அது கையாளும் விதம் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் எல்லாவற்றையும் ஃபோல்டரைத் திறந்து கண்ணால் பார்க்கலாம்.

டெலீட் கீயை அழுத்தினால் படம் டிஜிகாமின் சொந்தக் குப்பைத்தொட்டிக்குப் போகும், கணினியின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. உங்கள் படத்தொகுப்பு இருக்கும் முதன்மை ஃபோல்டரில், மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்லிப் பார்த்தால், முன்னால் ஒரு புள்ளியோடு 'டிட்ராஷ்' என்று ஒரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் இரண்டு ஃபோல்டர்கள். 'ஃபைல்ஸ்' என்பதில் அழித்த படங்கள் அப்படியே இருக்கும். 'இன்ஃபோ' என்பதில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன உரைக்கோப்பு. அதை நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம்: படம் முன்பு எந்த இடத்தில் இருந்தது, எப்போது அழிக்கப்பட்டது, தரவுத்தளத்தில் அதன் எண் என்ன. இந்த எண்ணை வைத்துத்தான் மீட்கும்போது பழைய பதிவோடு படத்தை டிஜிகாம் மறுபடி சேர்த்துவைக்கிறது. சோதனையின் ஆறாவது படியில் இதைப் பாருங்கள்.

ஒவ்வொரு தொகுப்புக்கும் தனித்தனிக் குப்பைத்தொட்டி. படங்கள் வெளி ஹார்ட் டிஸ்கில் இருந்தால் குப்பைத்தொட்டியும் அதே டிஸ்கில் இருக்கும். இதில் நல்லதும் உண்டு, தொல்லையும் உண்டு. ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த வேண்டியதில்லை என்பதால் அழிப்பது வேகமாக முடியும். ஆனால் நீங்கள் காலி செய்யாதவரை டிஸ்கில் ஒரு எம்பி இடம்கூட மிச்சமாகாது. இடப்பக்க ஆல்பம் பட்டியலில் ஒவ்வொரு தொகுப்பின் அடியிலும் 'ட்ராஷ்' இருக்கும். அதைத் திறந்து பார்த்து, வேண்டியதை மீட்டு, மிச்சத்தைக் காலி செய்யுங்கள். ஷிஃப்ட்டையும் டெலீட்டையும் சேர்த்து அழுத்தினால் குப்பைத்தொட்டிக்கே போகாமல் நேரடியாக அழியும். அந்தக் கூட்டைப் புதியவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டிஜிகாமில் ஆல்பம் என்பது டிஸ்கில் இருக்கும் நிஜ ஃபோல்டர். கூகுள் போட்டோஸிலோ ஆப்பிள் போட்டோஸிலோ ஒரு ஆல்பத்தை அழித்தால் உள்ளே இருக்கும் படங்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆல்பம் என்ற தொகுப்பு மட்டும் கலையும். அந்தப் பழக்கத்தில் டிஜிகாமுக்கு வந்து 'இந்த ஆல்பம் இனி வேண்டாம்' என்று அழித்தால், ஃபோல்டரும் அதிலுள்ள எல்லாப் படங்களும் சேர்ந்து குப்பைத்தொட்டிக்குப் போகும். பல ஆண்ட்ராய்டு கேலரி செயலிகளிலும் ஆல்பம் என்பது ஃபோல்டர்தான். ஒரு மென்பொருளுக்குப் புதிதாக வரும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: இங்கே ஆல்பம் என்றால் ஃபோல்டரா, வெறும் தொகுப்பா?

டேக் விஷயத்தில் பயம் வேண்டாம். ஒரு படத்திலிருந்து டேக்கை எடுத்தால் டேக் மட்டும்தான் போகும்.

மற்றவை, சுருக்கமாக

லினக்ஸில் பலர் பயன்படுத்தும் ஷாட்வெல், அழித்ததை முதலில் தன் ட்ராஷில் வைத்துக்கொள்ளும். அதைக் காலி செய்யும்போதுதான் கோப்பைத் தூக்கவா, பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவா என்று கேட்கும். ரா படங்களைத் திருத்த உதவும் இலவச மென்பொருளான டார்க்டேபிளில் இந்த இரண்டு கட்டளைகளும் தனித்தனியாக அருகருகே இருக்கும், பெயரைப் படித்துவிட்டு அழுத்துங்கள். மேக்கில் இருக்கும் ஆப்பிள் போட்டோஸ், வழக்கமாகப் படங்களைத் தன் லைப்ரரிக்குள்ளேயே நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அதில் அழித்தால், நீங்கள் எங்கிருந்து இம்போர்ட் செய்தீர்களோ அந்தப் பழைய ஃபோல்டரில் இருக்கும் அசலுக்கு ஒன்றும் ஆகாது. ஆல்பத்துக்குள் டெலீட் கீ ஆல்பத்திலிருந்து மட்டும் நீக்கும். கமாண்டையும் சேர்த்து அழுத்தினால் லைப்ரரியிலிருந்தே போகும்.

போனில்

2021 ஜூன் 1 வரை கூகுள் போட்டோஸில் 'ஹை குவாலிட்டி' அளவில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக ஏற்ற முடிந்தது. அதன் பிறகு ஏற்றுவதெல்லாம் ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்ந்த அந்த 15 ஜிபி கணக்கில் வருகிறது. அதிலிருந்துதான் படங்களை அழிக்க வேண்டிய அவசரம் இத்தனை பேருக்கு வந்தது.

கூகுள் போட்டோஸில் ஒரே மாதிரித் தோன்றும் மூன்று செயல்கள் உண்டு. டெலீட் கொடுத்தால் போனிலிருந்தும் கணக்கிலிருந்தும் படம் ட்ராஷுக்குப் போகும். பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள், ஆகாதது என்றால் 30 நாள் அங்கே இருக்கும், பிறகு தானாக அழியும். இரண்டாவது, சாதனத்திலிருந்து மட்டும் நீக்குவது. இதற்கான கட்டளை படத்தைத் திறந்தால் கிடைக்கும் மெனுவில் இருக்கிறது. கிளவுட் நகல் அப்படியே இருக்கும். மூன்றாவது, 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்'. ஏற்கெனவே பேக்கப் ஆன படங்களை மட்டும் போனிலிருந்து மொத்தமாக எடுத்துவிடும். போனில் இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் உங்களுக்கு வேண்டியது டெலீட் அல்ல, இந்த மூன்றாவது.

அப்புறம் ஒன்று. 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' செய்த பிறகும் அந்தப் படங்கள் செயலியில் முன்போலவே தெரியும். போனில் இன்னும் இருக்கின்றன என்று நினைத்து அவற்றை டெலீட் செய்தால், மிஞ்சியிருக்கும் ஒரே நகலைத்தான் அழிக்கிறீர்கள்.

வாட்ஸ்அப் படங்களிலும் கவனம் தேவை. உறவுக்காரர்கள் அனுப்பிய கல்யாணப் படங்கள், ஊரிலிருந்து வந்த தாத்தாவின் பழைய படம் எல்லாம் வாட்ஸ்அப்பின் ஃபோல்டரில்தான் இருக்கும். அந்த ஃபோல்டரையும் பேக்கப் செய்யும்படி கூகுள் போட்டோஸில் நீங்களாகச் சொன்னால்தான் அது ஏறும். சொல்லாதவரை அந்தப் படங்களுக்குக் கிளவுட் நகல் கிடையாது. 'குட் மார்னிங்' படங்களைக் கூட்டித்தள்ளும் வேகத்தில் தாத்தாவும் போய்விடுவார். முதலில் வேண்டியதை வேறு ஆல்பத்துக்கு நகலெடுத்துவிட்டு, பிறகு சுத்தம் செய்யுங்கள்.

ஐபோனில் கணக்கு எளிது, ஆனால் கறாரானது. ஐகிளவுட் போட்டோஸ் இயங்கிக்கொண்டிருந்தால், ஐபோனில் அழித்தது ஐபேடிலும் மேக்கிலும் இணையத்திலும் அழியும். 'ரீசன்ட்லி டெலீட்டட்' ஆல்பத்தில் 30 நாள் இருக்கும். இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் செட்டிங்ஸில் 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' என்பதை இயக்குங்கள். அசல் ஐகிளவுடில் இருக்கும், போனில் சின்ன வடிவம் மட்டும் இருக்கும். லைவ் போட்டோவைக் கணினிக்கு நகலெடுத்தால் படம் ஒரு கோப்பாகவும் வீடியோ ஒரு கோப்பாகவும் பெரும்பாலும் வரும். ஒன்றை அழித்துவிட்டு மற்றொன்றை விட்டுவிட்டால், ஃபோல்டர் முழுக்க மூன்று வினாடி வீடியோக்கள் மிஞ்சும்.

பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி டிஸ்க்

விண்டோஸில் ரீசைக்கிள் பின் எல்லா இடத்துக்கும் கிடையாது. கணினிக்குள் இருக்கும் டிஸ்குக்கும் வழக்கமான வெளி ஹார்ட் டிஸ்குக்கும் உண்டு. பென் டிரைவ், எஸ்டி கார்டு, நெட்வொர்க்கில் இருக்கும் டிஸ்க் ஆகியவற்றில் அழித்தால் நேரடியாகப் போய்விடும். லைட்ரூமிலிருந்து அழித்தாலும் இதே கதைதான், ஏனென்றால் அது நம்புவது விண்டோஸின் தொட்டியை. படங்களை நெட்வொர்க் டிஸ்கில் வைத்திருப்பவர்கள், அந்த டிஸ்க் இருக்கும் பெட்டியின் சொந்தக் குப்பைத்தொட்டி வசதி இயங்குகிறதா என்று அதன் செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேக்கிலும் லினக்ஸிலும் நேர்மாறு. அந்தந்த டிரைவிலேயே ஒரு மறைவான குப்பை ஃபோல்டர் உருவாகும். கார்டில் இருந்த படங்களை மேக்கில் அழித்துவிட்டு கேமராவில் போட்டால் 'கார்டு நிரம்பிவிட்டது' என்று சொல்வது இதனால்தான். மேக்கின் ட்ராஷைக் காலி செய்துவிட்டுக் கார்டை எடுத்தால் சரியாகும்.

கேமராவிலேயே அழித்தால் குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது. முக்கியமான படங்களுக்கு 'ப்ரொடெக்ட்' பூட்டு போடலாம். ஆனால் அந்தப் பூட்டு டெலீட்டிலிருந்துதான் காக்கும், ஃபார்மேட்டிலிருந்து காக்காது. கார்டைக் கணினியில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே ஃபார்மேட் செய்யுங்கள்.

கழித்துக்கட்டும் முறை

படங்களைப் பார்த்துக்கொண்டே அழிப்பதை விட்டுவிடுங்கள். பார்ப்பது ஒரு வேலை, அழிப்பது இன்னொரு வேலை. நடுவில் ஒரு இரவாவது போகட்டும்.

லைட்ரூமில் எக்ஸ் கீயை அழுத்தினால் படத்துக்கு 'ரிஜெக்ட்' கொடி விழும். கோப்புக்கு ஒன்றும் ஆகாது. டிஜிகாமிலும் இதே மாதிரிக் கொடி உண்டு. ஒரு நிகழ்ச்சியின் படங்கள் முழுவதையும் இப்படிக் கொடி போட்டு முடித்துவிட்டு, மறுநாள் கொடி விழுந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். கண் மூடியிருக்கிறது என்று முதல் நாள் ஒதுக்கிய படத்தில்தான் பாட்டி சிரித்துக்கொண்டிருப்பார். அப்படி இரண்டு மூன்றை மீட்டுவிட்டு, மிச்சத்தை மொத்தமாக அழிக்கலாம். லைட்ரூமில் விண்டோஸ் என்றால் கன்ட்ரோலும் பேக்ஸ்பேஸும் சேர்ந்து, ரிஜெக்ட் ஆன படங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டிக் கேட்கும்.

ஒரே படத்தின் நகல்களைத் தேடி அழிக்கும் கருவிகள் நிறைய இருக்கின்றன, டிஜிகாமிலும் உண்டு. தேடட்டும், ஆனால் தீர்ப்பை அதனிடம் விடாதீர்கள். வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பிய படமும் கேமராவின் அசலும் அதற்கு ஒன்றுபோலத் தெரியும். கோப்பின் அளவையும் எடுத்த தேதியையும் பார்த்து, பெரியதை வைத்துக்கொள்ளுங்கள்.

குப்பைத்தொட்டியை பேக்கப் என்று எண்ணக் கூடாது. நாள் கணக்கு முடிந்தால் போய்விடும். கிளவுட் இணைப்பும் அப்படியே, இங்கே அழித்ததை அங்கேயும் அழிப்பதுதான் அதன் வேலை. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 முறையைப் பின்பற்றுங்கள்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. ஒரு வெளி டிஸ்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. கழற்றி வைத்த டிஸ்கை எந்த டெலீட்டும் தொட முடியாது. கேட்டலாக் பேக்கப் செய்யும்படி லைட்ரூம் அவ்வப்போது கேட்கும், அதில் கேட்டலாக் மட்டும்தான் நகலாகும், படங்கள் ஆகாது.

தவறி அழிந்துவிட்டால்

முதலில், அந்தக் கார்டில் அல்லது டிஸ்கில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள். கார்டு என்றால் கேமராவை அணைத்து வெளியே எடுத்துவிடுங்கள். அழிக்கும்போது பொதுவாகக் கோப்பின் உள்ளடக்கம் துடைக்கப்படுவதில்லை. அந்த இடம் இனி காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். எஸ்டி கார்டுகளில் வழக்கமாக இருக்கும் ஃபேட் முறையில், கோப்பின் பெயர்ப் பதிவில் முதல் எழுத்தை மட்டும் மாற்றி 'அழிந்தது' என்று அடையாளம் வைப்பார்கள். புதுப் படம் அந்த இடத்தில் விழும்வரை பழையது உள்ளே இருக்கும்.

அடுத்து, எல்லாத் தொட்டிகளையும் வரிசையாகப் பாருங்கள்: மென்பொருளின் ட்ராஷ், கணினியின் ரீசைக்கிள் பின், போன் கேலரியின் தொட்டி, கூகுள் போட்டோஸ் ட்ராஷ், ஐகிளவுடின் 'ரீசன்ட்லி டெலீட்டட்'. பெரும்பாலான படங்கள் இதிலேயே கிடைத்துவிடும்.

கிடைக்கவில்லை என்றால் ஃபோட்டோரெக். கிறிஸ்டோஃப் கிரேனியே எழுதிய இலவச மென்பொருள். கோப்புப் பட்டியலை நம்பாமல், ஜேபெக் எப்படித் தொடங்கும், ரா எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துக் கார்டு முழுவதையும் தேடும். கறுப்புத் திரையும் எழுத்துமாக இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். கார்டைத் தேர்ந்தெடுத்து, மீட்டதை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கும்போது கணினியில் ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். ஒருபோதும் அதே கார்டைக் காட்டாதீர்கள். பழைய கோப்புப் பெயர்கள் பெரும்பாலும் வராது, எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் அதை வைத்து வரிசைப்படுத்தலாம்.

இது கார்டுக்கும் சாதாரண ஹார்ட் டிஸ்குக்கும் நன்றாக வேலை செய்யும். எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) நம்பிக்கை குறைவு. அழித்த இடத்தை அது 'ட்ரிம்' என்ற முறையில் தானாகவே துடைத்துவிடும். இப்போதைய போன்களின் உள் நினைவகத்தில் எல்லாம் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருப்பதால், தொட்டியிலிருந்தும் போய்விட்டால் மீட்பு மென்பொருள்களுக்குச் செலவழிப்பது வீண்.

கொடுக்கவோ விற்கவோ போகிறீர்கள் என்றால்

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. அழித்த படம் கார்டில் கிடக்கிறது என்றால், அந்தக் கார்டை வாங்குகிறவரும் அதே ஃபோட்டோரெக்கால் எடுக்கலாம். கார்டையோ பென் டிரைவையோ கைமாற்றும் முன் விண்டோஸில் 'குவிக் ஃபார்மேட்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்யுங்கள். நேரம் ஆகும், ஆனால் முழுக்கச் சுழியம் எழுதும்.

போனில் ஃபேக்டரி ரீசெட் போதும், மறையாக்கத்தின் சாவி போய்விடும், படங்களைப் படிக்க வழியிருக்காது. மெமரி கார்டு போட்டிருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். ரீசெட்டுக்கு முன் கூகுள் கணக்கிலிருந்தும் ஐகிளவுடிலிருந்தும் வெளியேறுங்கள். விற்பதற்கு முன் சுத்தம் செய்கிறேன் என்று, கணக்கு இணைந்திருக்கும்போதே கூகுள் போட்டோஸிலோ ஐபோனின் போட்டோஸிலோ எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்துவிடாதீர்கள். கிளவுடில் இருக்கும் உங்கள் படங்களும் அதோடு போகும். புதுப் போனில் அதே கணக்கைத் திறந்தால் அங்கேயும் அவை இருக்காது.